வைத்துவிட்டு வந்த தேத்தண்ணி

சிவமயம்

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
14 ஒக்ரோபர் 1984

அன்புள்ள பரிமளத்துக்கு,

மச்சாள் கோணேஸ்வரி எழுதுவது. எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: பாலேஸ்வரி அன்ரி, சந்திரவதனா, எமில்டா, எமில்டாவின் தங்கை வேரோனிக்கா, கீழ்மாடி மனோரஞ்சிதம், நான். ஆண்களில் உன் அண்ணை மட்டும். அவரும் கற்பூரம் கொளுத்தத் தீப்பெட்டி தேடித் தந்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். வராதது நீ ஒருத்திதான். பிறம்ரனிலிருந்து பஸ் மாறி மாறி வருவது லேசில்லை என்று தெரியும். அதனால் நடந்ததை விடாமல் எழுதுகிறேன்.

இந்த வருடம் எங்கே பார்த்தாலும் ‘இருநூறு வருடம்’ என்று கொடி கட்டியிருக்கிறார்கள். எதன் இருநூறு என்று இங்கிலீஷ் வகுப்பு ரீச்சரிடம் கேட்டேன். அவ அமெரிக்காவிலிருந்து தொடங்கினா. அப்போது அமெரிக்காவும் வெள்ளைக்கார ராசாவுக்குக் கீழேதான் இருந்ததாம். எங்களைக் கேட்காமல் எங்கள் தேயிலைக்கு எப்படி வரி போடுவாய் என்று ஆண்கள் கப்பலில் ஏறி, தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்களாம். அது எல்லோருக்கும் தெரிந்த கதை என்றா. எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் வந்த கதை. கப்பலில் ஏற முடியாத பெண்கள் வீட்டுக்குள் இருந்தபடி தேத்தண்ணியை விட்டார்கள். மா அரைக்கிறவனின் மனைவி, செருப்புத் தைக்கிறவனின் மகள், இப்படிப் பெயர் தெரியாத ஆட்கள். காட்டுப் பழச்செடியின் இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். சீமைத் துணி வேண்டாம் என்று சேர்ந்திருந்து நூல் நூற்றார்கள். சில ஊர்களில் தாளில் கையெழுத்தும் போட்டார்கள். ரீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வகுப்பு முடிந்துவிட்டது. கொடிக்கு வந்து சேரவில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். தேயிலை இருந்த தகரப் பேணியில் இலங்கைப் படம். போன வருடம் ஆடிக் கலவரத்தில் அங்கே எங்கள் சனத்துக்கு நடந்தது எல்லாம் நினைவுக்கு வந்து, அடுப்பை நிறுத்திவிட்டேன். கப்பலில் ஏற எங்களாலும் முடியாது. இது முடியும்.

மற்றவர்களிடம் சொன்னபோது சந்திரவதனா, “அப்ப வேலையில பிரேக்குக்கு என்னத்தைக் குடிக்கிறது?” என்று கேட்டாள்.

“கோப்பியைக் குடி.”

“கோப்பி குடிச்சால் எனக்கு நெஞ்சு படபடக்கும், அன்ரி.”

“படபடக்கட்டும். ஊரில எல்லாருக்கும் அதுதானே,” என்றா பாலேஸ்வரி அன்ரி.

மாமாங்கேஸ்வரர் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, ‘இலங்கைத் தேயிலையால் வாய் நனைப்பதில்லை’ என்று ஒவ்வொருவராகக் கை நீட்டிச் சொன்னோம். எமில்டா, “என்ர மாதாவும் கேட்டுக்கொண்டிருக்கிறா,” என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

உன் மனுசன் தங்கத்துரைக்கு நீதான் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்குத் தேயிலை விற்கிறவரே நம் வீட்டு ஆளாக இருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பிள்ளை நளாயினிக்கு மாமியின் முத்தம்.

கோணேஸ்வரி


பிறம்ரன்
4 நவம்பர் 1984

மச்சாள்,

கடிதம் கிடைத்தது. இவரும் வாசித்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

நீங்கள் வகுப்புக்குப் போய்ப் படித்து வருகிறீர்கள். நல்லது. நான் வெயார்ஹவுஸில் பெட்டி ஒட்டுகிறேன். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். அந்த அமெரிக்காக்காரிகளுக்குத் தேயிலை கப்பலில் வந்தது. எனக்கு என்ர மச்சான் மாமாங்கம் அனுப்பி வருகிறது. இவரின்ர தம்பி என்றாலும், நான் கலியாணம் முடித்துப் போனபோது அவனுக்கு என்ர இடுப்பளவு உயரம். சோறு தீத்தி வளர்த்தவள் நான்.

போன வருடம் கொழும்பில் அவனின்ர அறை எரிந்தது. அதற்குப் பிறகும் அங்கே ஏன் நிற்கிறான்? தேயிலைக் களஞ்சியத்தில் அவனுக்குக் கிடைக்கிற சம்பளம் அறை வாடகைக்கே காணாது. எங்களுக்குப் பெட்டி கட்டி அனுப்புகிறதால்தான் அவன் அங்கே நின்றுபிடிக்கிறான். அது நின்றால் ஆரையம்பதிக்குத்தான் போக வேண்டும். ஊரில் இப்போது இளம் பெடியன் என்பதே குற்றம். கொழும்பு என்றால் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பான்.

இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “உன்ர அண்ணர்பெண்சாதிக்குத் தேத்தண்ணி ஒரு நோன்பு. எனக்கு அது தம்பி.”

நான் கையெழுத்தும் போட மாட்டேன், கற்பூரத்தில் கையும் வைக்க மாட்டேன். கோபம் இல்லை. அண்ணைக்குச் சுகர் எப்படி?

பரிமளம்


சிவமயம்

வெக்ஸ்போர்ட்
20 ஜனவரி 1985

அன்புள்ள பரிமளத்துக்கு,

தைப்பொங்கலுக்கு நீங்கள் வரவில்லை. பொங்கலை நாங்கள் இரண்டு பேருமே சாப்பிட்டு முடித்தோம்.

லைப்ரரியில் அந்த அமெரிக்கப் பெண்களைப் பற்றிய புத்தகம் ஒன்று எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் போகிறது. கணக்குக் கொப்பியில் தேயிலை எழுதும் இடத்தை வெறுமையாக விடுகிறேன். அதில் மல்லி, கோப்பி என்று எழுத மனம் வரவில்லை.

அந்த இலைத் தேத்தண்ணியையும் காய்ச்சிப் பார்த்தேன். உன் அண்ணை ஒரு மிடறு குடித்துவிட்டு, “ஆடு தின்னிறதை எனக்கேன் ஊத்துறாய்?” என்றார்.

புத்தகத்தில் ஒரு விதவை வருகிறாள். பெயர் போடவில்லை. துறைமுக ஊர் ஒன்றில் சின்னக் கடை வைத்திருந்தாளாம். அவளிடம் ஒரு பெட்டி தேயிலை இருந்தது. ஊர்க் கமிட்டிக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் வைத்தாளாம். ஊரே கூடி நின்று எரித்தது. அவள் அழுதாளா என்று எழுதவில்லை. நாலு வரிதான். நான் அந்த நாலு வரியையும் பல தரம் வாசித்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன ஞாயிறு நம் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில், சங்கம் வேண்டாம் என்ற பிறகும் இலங்கைச் சாமான் விற்கிறவர்கள் என்று பெயர் வாசித்தார்கள். தங்கத்துரையின் பெயரும் வந்தது. நான் கொடுக்கவில்லை. வாசித்தபோது எழும்பி ஒன்றும் சொல்லவும் இல்லை. எமில்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சீலைத் தலைப்பைச் சரிசெய்தேன்.

மாமாங்கத்தைப் பற்றி நீ எழுதியதை மறக்கவில்லை. அவனுக்குக் கொழும்பில் வேறு வேலை கிடைக்கும் என்று நினைக்கிறேன். அவன் பெயரில் அர்ச்சனை செய்கிறேன்.

கோணேஸ்வரி


பிறம்ரன்
17 மார்ச் 1985

மச்சாள்,

நீங்கள் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

பெயர் வாசித்த கிழமையிலிருந்து ஒருவரும் வரவில்லை. தேயிலைக்கு மட்டும் இல்லை, சும்மா வந்து இருந்து கதைக்கிறவையும் வரவில்லை. நளாயினியின்ர பிறந்தநாளுக்குச் சொன்ன பிள்ளைகளில் இரண்டு பேர்தான் வந்தது. கேக் மிச்சம்.

இவர் மாமாங்கத்துக்கு இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிட்டார். பேஸ்மென்றில் மிச்சம் இருந்த பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். எரிக்கவில்லை. இந்த ஊரில் தெருவில் நெருப்பு வைக்க விடமாட்டார்கள்.

மாமாங்கம் பதில் போட்டிருந்தான். ‘அண்ணிக்கு, கவலைப்பட வேண்டாம். அறையை விட்டிட்டன். ஊரோட போய்த் தோட்டத்தைப் பாக்கிறன்’ என்று. எழுத்து வழக்கம்போல் சரிந்திருந்தது.

எனக்கு நைற் ஷிப்ற். எழுத நேரம் இல்லை.

பரிமளம்


சிவமயம்

வெக்ஸ்போர்ட்
23 பெப்ரவரி 1986

அன்புள்ள பரிமளத்துக்கு,

உன் வீட்டுக்கு வந்து திரும்பி ஒரு வாரமாகிவிட்டது. ரெலிபோனை எடுத்து எடுத்து வைக்கிறேன். என்ன கதைப்பது?

நாங்கள் வந்தபோது உன் வீட்டில் இருந்தவர்கள் தங்கத்துரை, நளாயினி, எமில்டா, வேரோனிக்கா, உன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்கார அம்மா. எங்களைச் சந்திரவதனாவின் மனுசன் காரில் கொண்டுவந்து விட்டார். பாலேஸ்வரி அன்ரியும் கூட வந்தா. வாசலில் பனிச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. அவற்றிலிருந்து தண்ணீர் வடிந்து காப்பெற் நனைந்துகொண்டிருந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாங்கத்தின் படத்தைப் பார்க்க முடியவில்லை. பாஸ்போட் படத்தைப் பெரிதாக்கியிருந்தீர்கள். பெரிதாக்கியதில் கண் இரண்டும் கலங்கித் தெரிந்தன.

ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பில் கொண்டுபோனவர்களில் அவனும் இருந்தான் என்பதும், மூன்றாம் நாள் உடலைக் கடற்கரையில் கண்டெடுத்தார்கள் என்பதும் தங்கத்துரை சொல்லித்தான் தெரியும். அவர் வேட்டிக்கு மேல் குளிர் சுவெற்றரோடு இருந்து, முகத்தில் ஒன்றும் இல்லாமல் சொன்னார். தொலைக்காட்சியில் பனி எவ்வளவு கொட்டும் என்று சொல்கிறவர்களைப் போல. எனக்கும் அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து, காய்ந்த துணிகளையெல்லாம் மடித்தேன். மடித்ததைக் குலைத்து மறுபடியும் மடித்தேன்.

பரிமளம், நீ ஏன் எழும்பினாய்? செத்தவீட்டில் வீட்டுக்காரி எழும்பித் தேத்தண்ணி கொடுப்பதில்லை. மற்றவர்களுக்கு எமில்டா கொடுத்தாள். எனக்கு மட்டும் நீ கொண்டுவந்து கையில் தந்தாய். நான் அதை ஜன்னல் ஓரத்தில், பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அதனால் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன்.

நான் ஏன் குடிக்கவில்லை என்று உனக்குத் தெரியும். சத்தியம் அவனுடைய பெயர் கொண்ட சுவாமிக்கு முன்னால் செய்தது. அவனுடைய செத்தவீட்டிலேயே அதை முறிக்க என்னால் முடியவில்லை. நீ பிழையாக எடுத்திருக்க மாட்டாய்.

முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? நான் வந்து சமைக்கட்டுமா?

கோணேஸ்வரி


பிறம்ரன்
8 ஜூன் 1986

மச்சாள்,

முப்பத்தொன்று முடிந்துவிட்டது. நாங்களே சமைத்தோம்.

‘உனக்குத் தெரியும்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு என்ன தெரியும்? உங்களுக்கு என்ன தெரியாது என்று நான் சொல்கிறேன். அந்தத் தேயிலை அசாம். ஜெரார்ட் ஸ்ட்ரீட் இந்தியக் கடையில் வாங்கினது. மாமாங்கம் செத்த பிறகு வாங்கினதும் இல்லை. அதற்கு முந்தின இலையுதிர் காலத்திலேயே, மச்சாள் ஒருநாள் வருவா, வந்தால் கொடுக்க வேணும் என்று இவருக்கும் சொல்லாமல் வாங்கி மேல்தட்டில் வைத்தனான். பக்கற் உடைக்கவில்லை. அன்றைக்குத்தான் எமில்டாவிடம் எடுத்துக் கொடுத்தேன்.

எமில்டா அடுப்படியில் கேட்டவள். “உதென்ன புதுப் பக்கற்?”

“கோணேஸ்வரி மச்சாளுக்கு. உதைப் போடு.”

“அவவுக்குச் சொன்னியே?”

“வாயில வைச்சால் தெரியும்தானே.”

நீங்கள் வாயில் வைக்கவில்லை.

நீங்கள் ஒரு சொல் கேட்டிருக்கலாம். ‘இது என்ன தேயிலை?’ என்று. அல்லது நான் சொல்லியிருக்க வேணுமோ? அவனின்ர படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, ‘மச்சாள், இது இந்தியாத் தேயிலை, பயப்பிடாமல் குடியுங்கோ’ என்று? உங்களுக்கு முறை எல்லாம் தெரியும். ஒரு வீட்டுக்குப் போய், வீட்டுக்காரி கையால் தந்ததை வாய் நனைக்காமல் வைத்துவிட்டு எழும்பினால் அதற்கு என்ன கருத்து என்றும் தெரியும். எல்லோரும் பார்த்தவை. பாலேஸ்வரி அன்ரி தன்ர கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தா.

உங்கள் அமெரிக்கக் கதையின்ர மிச்சத்தை நான் சொல்கிறேன். உங்கள் ரீச்சர் கொடிக்கு வந்து சேரவில்லை என்றீர்கள். எனக்கு டொறீன் சொன்னவள், அன்றைக்கு நீங்கள் பார்த்த அந்த வெள்ளைக்கார அம்மா. பெட்டி ஒட்டிக்கொண்டே சொன்னவள். அவளின்ர பூட்டனுக்குப் பூட்டன் அங்கே மா மில் வைத்திருந்தவன். தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றவன். ஏன் போடவில்லை என்று கேட்டேன். “ஆருக்குத் தெரியும், பிடிவாதமாக்கும்,” என்றாள். அவனின்ர பெயரை எழுதிக் கதவில் ஒட்டினார்களாம். அயல் சனம் மில்லுக்குத் தானியம் கொண்டுபோறதை நிற்பாட்டினதாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு ஒருவரும் சேரவில்லையாம். பிறகு ஒருநாள் அவனுக்குத் தார் பூசினார்கள். பெண்சாதி பிள்ளைகளோடு ஆற்றைக் கடந்து இங்கால், இந்த நாட்டுக்கு வந்துவிட்டான். அப்படி வந்த சனம் வந்து இருநூறு வருடம் என்றுதான் அந்தக் கொடி. கையெழுத்துப் போடாத ஆட்களுக்குக் கட்டின கொடி, மச்சாள்.

மாமாங்கத்தை நீங்கள் கொன்றீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு தரம் நினைத்தேன். அது பிழை. கொன்றவன் வேறு. ஆனால் நினைத்ததை நினைக்கவில்லை என்று எழுத ஏலாது.

இனி எழுதாதேயுங்கோ. வாசிக்க ஏலாமல் இருக்கிறது.

பரிமளம்


சிவமயம்

வெக்ஸ்போர்ட்
15 நவம்பர் 1987

அன்புள்ள பரிமளத்துக்கு,

எழுதாதே என்றாய். எழுதவில்லை. இப்போதும் எழுதக் கூடாதுதான். தங்கத்துரைக்கு முதுகு ஒப்பரேசன் என்று எமில்டா சொன்னாள். அதைக் கேட்டு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. உன் அண்ணை வேலைக்குப் போகிறார், வருகிறார். நான் சமைக்கிறேன், கணக்கெழுதுகிறேன், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். நல்லெண்ணெய் விலை ஏறிவிட்டது. உன் கடிதம் வந்த நாளில் இருந்து எனக்கு ருசி தெரிவதில்லை. உப்பு எவ்வளவு என்று கையால்தான் போடுகிறேன். உன் அண்ணை ஒன்றும் சொல்வதில்லை. அதனால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சந்திரவதனா மூன்றாம் மாதமே தேத்தண்ணிக்குத் திரும்பிவிட்டாள். நெஞ்சு படபடப்பாம். எமில்டாவும் வேரோனிக்காவும் பாதரைக் கேட்டுவிட்டுக் குடிக்கிறார்களாம். மனோரஞ்சிதம் ஒருவரையும் கேட்கவில்லை. பாலேஸ்வரி அன்ரி மகள் வீட்டில் குடிக்கிறா, தன் வீட்டில் குடிப்பதில்லை. “மகள் என்ன தூள் வாங்குறாள் எண்டு நான் போய்ப் பாக்கிறதே?” என்றா. ஒருவரையும் குறை சொல்ல எழுதவில்லை. சத்தியத்தில் மிஞ்சி நிற்பது நான்தான். அதில் ஒரு பெருமையும் இல்லை. குளிரில் பஸ்ஸை விட்டவள் அந்தத் தரிப்பிலேயே நிற்பதைப் போல நிற்கிறேன்.

ரிச்மண்ட் ஹில் கோயிலில் ஐயரிடம் கேட்டேன். கற்பூரத்தில் கை வைத்துச் சொன்னதை எப்படி இறக்கி வைப்பது என்று. எதற்காகச் சத்தியம் என்று கேட்டார். தேயிலை என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “ஒரு அர்ச்சனை செய்யுங்கோ அம்மா, சரியாயிடும்,” என்றார். செய்தேன். சரியாகவில்லை. நான் கேட்க வேண்டியது அவரிடம் இல்லை.

அசாம் என்று நீ எழுதியதை நான் உன் அண்ணைக்குச் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை.

தங்கத்துரையைக் குனிந்து தூக்க விடாதே.

கோணேஸ்வரி


பிறம்ரன்
10 ஏப்ரில் 1988

மச்சாள்,

இவருக்கு முதுகு சுகம். நன்றி.

எழுதுவது வேறு காரியத்துக்கு. நளாயினி பெரியபிள்ளையாகிவிட்டாள். சடங்கை மே மாதக் கடைசியில், இங்கே வீட்டிலேயே வைக்கிறோம். மாமன் தேங்காய் உடைக்க வேணும். அண்ணைக்கு இது என்ர அழைப்பு. ரெலிபோனில் சொல்கிற காரியம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மாமிதான் முதல் தண்ணி வார்க்க வேணும். அதற்கு இவரின்ர ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தியைக் கேட்டிருக்கிறோம். யூனியன்வில்லில் இருக்கிறா. முறைக்கு மாமிதான்.

நளாயினி கேட்டவள், “வை நொட் மை றியல் மாமி? ஷீ இஸ் ஜஸ்ற் இன் ஸ்காபரோ.”

இவர்தான் சொன்னார், “உன்ர மாமி இந்த வீட்டில தண்ணி வென்னி குடிக்கமாட்டா பிள்ளை.”

“பட் வை?”

“தேயிலையைக் கடலில கொட்டினவை எண்டு பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவையே? அதுதான்.”

பிள்ளைக்கு விளங்கவில்லை. இவர் பகிடியாகச் சொன்னாரோ என்று எனக்கும் விளங்கவில்லை.

சடங்கில் பிள்ளையின்ர தலையில் தண்ணி வார்க்கிறவ அந்த வீட்டில் வாய் நனைக்காதவவாக இருக்க ஏலாது. அது நான் போட்ட சட்டம் இல்லை. உங்களுக்கும் தெரியும்.

யூனியன்வில் அக்காவுக்கு இன்னும் கடைசி மறுமொழி கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று தெரியாது. நைற் ஷிப்ற் முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

பரிமளம்


சிவமயம்

வெக்ஸ்போர்ட்
24 ஏப்ரில் 1988

அன்புள்ள பரிமளத்துக்கு,

நேற்று என் சமையலறையில் இருந்தவர்கள்: நான். உன் அண்ணை கதவடியில் நின்றார்.

அதற்கு முதல் நாள் ஜெரார்ட் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ட்ரீற்காரில் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. இந்தியக் கடைக்காரரிடம் அசாம் தூள் என்று கேட்டேன். “சின்னதா பெரிதா?” என்றார். சின்னது வாங்கினேன். நேற்றுத் தண்ணீர் கொதிக்க வைத்து, நீ எனக்குத் தந்ததைப் போல இஞ்சி தட்டிப் போட்டுப் பால் விட்டேன். உன் தேத்தண்ணியில் இஞ்சி இருந்தது. மணந்தது. பூச்சாடிக்குப் பக்கத்தில் அதை வைத்தபோது மணந்தது. செத்தவீட்டில் ஆரும் இஞ்சி போடுவதில்லை என்று அப்போதே நினைத்தேன். நினைத்தும் கேட்கவில்லை.

குடித்தேன். ஆறவிடாமல் குடித்தேன். நாக்குச் சுட்டது. சுட்டது எனக்குத் தெரிந்தது.

உன் அண்ணை, “நோன்பு முடிஞ்சுதோ?” என்று கேட்டார்.

“இது நோன்புக்குள்ள வாறதில்லை. இது இந்தியாத் தேயிலை.”

“அப்ப இவ்வளவு காலமும் இதைக் குடிச்சிருக்கலாமே?”

ஓம் என்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார். அப்போதுதான் உன் பழைய கடிதத்தை அவருக்கு வாசிக்கக் கொடுத்தேன். வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வெகுநேரம் போடவில்லை.

லைப்ரரிக்குப் போய் அந்தப் புத்தகத்தையும் மறுபடி எடுத்தேன். டொறீனின் மில்காரப் பூட்டன் அதில் இருக்கிறானா என்று பார்த்தேன். இல்லை. அவனைப் போன்றவர்களுக்குக் கடைசியில் ஒரு பக்கம். ‘பலர் வடக்கே போனார்கள்’ என்று முடித்துவிட்டார்கள். அந்த விதவைக்கும் நாலு வரிக்கு மேல் இல்லை. பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போன பிறகு அவள் என்ன செய்தாள் என்று இல்லை. நான் யோசித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டவளும் போடாதவளும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரிகளாகத்தானே இருந்திருப்பார்கள். ஒரே கிணறு. ஒருத்தி வீட்டில் சாவு விழுந்தால் மற்றவள் போனாளா? போனால் கொடுத்ததைக் குடித்தாளா? என்ன இலை என்று கேட்டாளா? இதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. கப்பலில் எத்தனை பெட்டி இருந்தது என்று மட்டும் சரியாக எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் நாங்கள் செய்தது பிழை என்று நான் எழுதமாட்டேன். அப்படி எழுதினால் உனக்கு அது பொய் என்று தெரிந்துவிடும். அந்தப் பேணியைப் பார்த்து என்னால் இன்றைக்கும் தண்ணீர் கொதிக்க வைக்க முடியாது. ஆனால் நான் சத்தியம் செய்தது தேயிலைக்கு. உன் கைக்கு இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தவள் நான்.

இன்று காலை மாமாங்கேஸ்வரருக்கு விளக்கு வைத்துச் சொல்லிவிட்டேன். பரிமளம் வீட்டில் எனக்கு எது தந்தாலும் குடிப்பேன், இது எந்த ஊர்த் தூள் என்று கேட்கமாட்டேன், அதில் குற்றம் இருந்தால் அது என்னோடு போகட்டும் என்று. கற்பூரம் கொளுத்தவில்லை. சும்மா சொன்னேன்.

நீயும் எனக்குச் சொல்லாதே. பக்கற்றை மறைக்கவும் வேண்டாம், எடுத்துக் காட்டவும் வேண்டாம். வீட்டில் இருப்பதைப் போடு.

மாமாங்கத்தின் படம் இப்போதும் முன்னறையில்தான் இருக்கிறதா? இருந்தால் நான் வரும்போது எடுத்துவிடாதே. அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

தேங்காய் உடைக்க உன் அண்ணை வருவார். தண்ணி வார்க்க நான் வரவா? எத்தனை மணிக்கு வர வேண்டும்? யூனியன்வில் அக்காவுக்குச் சொல்வதற்கு முதல் எனக்கு ஒரு வரி எழுது. கெதியாய்ப் பதில் போடு.

கோணேஸ்வரி